அல்சூர் ஏரிக்கரையில் இரவைக் காணும் கண்ணாடி

பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் அல்சூர் முதன்மையானது. கன்னடத்தில் இதனை ஹலசூரு என்பர். ஹலசு என்றால் பலா. முன்னாளில் இங்குப் பலாத்தோப்பு இருந்தமையால் இப்பெயர் வந்தது என்று பெரியோர் சொல்லுவர். 1809 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெயர்த்து இங்குக் கண்டோன்மென்டை அமைத்தனர். சென்னை மாகாணப் படையோடும் அதற்கு வேண்டிய வணிகத்தோடும் கைத்தொழிலோடும் தமிழர் பலர் வந்து குடியேறினர். 1864 இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரை இருப்புப்பாதை வந்தபின் அவ்வரவு பெருகிற்று. சோமேசுவரர் கோயிலின் கோபுரத்தையும், ஏரிக்கரையில் நம் தமிழ்ச் சங்கத்தையும், 2009 ஆம் ஆண்டு ஆகஸ்டு 9 ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையையும் அறியாத அன்பர் இலர்.

இவ்வூரைப் பகலில் கண்டு எழுதியோர் பலர். இரவில் எவ்வாறு காண்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதற்குக் காரணமும் உண்டு. அண்மைக் காலமாக, இரவிலும் பார்க்க உதவும் கண்ணாடிகள் பற்றிய விளம்பரங்கள் கைப்பேசிதோறும் வருகின்றன. பிள்ளைகள் அவற்றைக் கண்டு ஆசைப்படுகின்றனர். பெற்றோர் விலையைக் கண்டு திகைக்கின்றனர். எம் வீட்டிலும் இதுவே நிகழ்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் பறவைகளில் நாட்டமுள்ளவன். ஏரித்தீவுகளில் அடையும் வக்கா என்னும் இராக்கொக்கை இரவில் காணவேண்டும் என்பது அவன் விருப்பம். அவனுக்கென நாங்கள் சேர்த்துவைத்திருந்த தொகை பத்தாயிரம் ரூபாய். அதற்குள் எதை வாங்குவது? மாதச் சம்பளக்காரர் வீட்டில் இது சிறிய கேள்வி அன்று. ஒருமுறை வாங்கியது பயன்படாமற் போனால், மறுமுறை வாங்க ஆண்டுகள் பல ஆகும்.

ஆதலின் கடைக்குச் செல்லுமுன் ஏரிக்குச் செல்வது என்று முடிவு செய்தோம். நண்பர் ஒருவரிடம் மின்கலத்தில் இயங்கும் இரவுநோக்குக் கண்ணாடி ஒன்றையும், அலுவலகத் தோழர்கள் இருவரிடம் இருவகைப் பைனாகுலர்களையும் இரவல் பெற்றோம். எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரும் உடன் வந்தார். அவர் மதராஸ் சாப்பர்ஸ் என வழங்கும் பொறியாளர் படையில் பணியாற்றியவர். அப்படையின் தலைமையகம் இந்த ஏரியை அடுத்தே உள்ளது. 1780 ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் அப்படையில் தமிழர் பங்கு பெரிது என்பதை அன்பர்கள் அறிவர்.

ஏரிக்கரையில் முதன்முதல் கவனிக்க வேண்டியது யாதெனில், அங்கு உண்மையான இருள் இல்லை என்பதே. சாலை விளக்குகள், அடுக்குமாடி வீடுகளின் விளக்குகள், வண்டிகளின் முகப்பு விளக்குகள் யாவும் நீரில் விழுந்து நீண்ட கோடுகளாக அசைகின்றன. மேகம் கவிந்த இரவில் வானமே மங்கிய செம்மஞ்சள் நிறம் கொள்கிறது. இந்நகர் ஒளிக்குப் பழையது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் 1902 இல் எடுக்கப்பெற்ற மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அங்கே நிலத்தின் அடியில் உழைத்த தமிழர்க்கு அது துணையாயிற்று. 1905 ஆகஸ்டு 5 ஆம் நாள் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. அன்று முதல் இவ்வூரின் இருள் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே ஒளி அறவே இல்லாத இடத்துக்குரிய கருவி ஒன்று, ஒளி ஓரளவு உள்ள இடத்துக்குரிய கருவி ஒன்று எனப் பிரித்து எண்ணுதல் வேண்டும்.

இரவில் காணும் கருவிகள் நான்கு வகைப்படும். முதலாவது ஒளிபெருக்கிக் குழாய் கொண்டது. படைவீரர் தலைக்கவசத்தில் பொருத்திக்கொள்வது இதுவே. விண்மீன்களின் சிற்றொளி இதன் முன்தகட்டில் விழுகிறது. அத்தகடு ஒளியை ஏற்று எலக்ட்ரான்களை வெளியிடுகிறது. நுண்துளைகள் நிறைந்த மற்றொரு தகட்டினுள் அவை பாய்ந்து பல்லாயிரம் மடங்கு பெருகுகின்றன. பின்னர் ஒரு திரையில் மோதி, பச்சை ஒளிப்படமாகத் தோன்றுகின்றன. பச்சையின் ஏற்றத்தாழ்வுகளை நம் கண் நன்கு பிரித்தறியும் ஆதலால் அந்நிறம் தெரிந்தெடுக்கப்பட்டது. அமெரிக்கப் படை 1960களில் வியட்நாம் போரில் இவ்வகையின் முதல் தலைமுறையைப் பயன்படுத்திற்று. நுண்துளைத் தகடு அடுத்த தலைமுறையில் வந்தது. நம் நாட்டில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இத்தகைய கருவிகளைச் செய்கிறது. 1954 இல் பெங்களூரில் தோன்றிய அந்நிறுவனம், தன் மசூலிப்பட்டணத் தொழிற்சாலையில் இரவுநோக்குக் கருவிகளைப் படைகளுக்காக ஆக்கித் தருகிறது.

படைவீரரை இதுபற்றிக் கேட்டேன்.

"ஐயா, நீங்கள் இதனை அணிந்து பார்த்திருக்கிறீர்களா?"

"பார்த்திருக்கிறேன் தம்பி. இரவில் பாலம் அமைக்கும் பயிற்சியில் அணிந்திருக்கிறோம். ஆனால் அதனை மந்திரம் என்று எண்ணிவிடாதே. கைக்குழல் வழியே பார்ப்பதுபோல் இருக்கும். பக்கத்தில் வருபவன் தெரியமாட்டான். பள்ளம் எவ்வளவு ஆழம் என்றும் தெரியாது. நடந்து பழகவே எங்களுக்குப் பல இரவுகள் ஆயின."

அவர் சொன்னது முற்றும் உண்மை. இக்கண்ணாடிகள் பெரும்பாலும் நாற்பது பாகை அளவே காட்டும். நம் இரு கண்களோ ஏறக்குறைய நூற்றெண்பது பாகை காண்பவை. விலையும் நம் கைக்கு எட்டாது. நல்ல குழாய் கொண்டது இலட்சக்கணக்கில் ஆகும். இங்கு ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். நம் குடும்பங்களில் பலருக்கு அமெரிக்காவில் உறவினர் உண்டு. "வரும்போது ஒன்று வாங்கி வா" என்று அவர்களைக் கேட்கலாகாது. உயர்தர ஒளிபெருக்கிக் கருவிகளை அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். பரிசுப்பொருளால் உறவினர்க்குத் துன்பம் வரக்கூடாது.

இரண்டாவது வகை, வெப்பத்தைக் காண்பது. ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்துக்கேற்ப வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை இது படமாக்குகிறது. முழு இருளிலும் மாடு, நாய், மனிதர் யாவும் ஒளிர்ந்து தோன்றும். ஆயினும் இதற்குக் கண்ணாடிச் சன்னல் சுவரை ஒத்தது. அதனூடே ஒன்றும் காணாது. பெயர்ப்பலகையில் எழுதியதைப் படிக்க இயலாது. பறவையின் சிறகு நிறமும் தெரியாது. எம் தொகைக்கு இதுவும் அப்பாற்பட்டதே.

மூன்றாவது வகையே விளம்பரங்களில் மிகுதியாக வருவது. நாங்கள் இரவல் பெற்றதும் இதுவே. உள்ளே கைப்பேசியில் இருப்பதுபோன்ற படக்கருவி ஒன்றும், வெளியே அகச்சிவப்பு விளக்கு ஒன்றும் இருக்கும். அவ்விளக்கின் ஒளி நம் கண்ணுக்குப் புலப்படாது, படக்கருவிக்குப் புலப்படும். இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். தொலைக்காட்சியின் ரிமோட்டை இருட்டறையில் கைப்பேசிக் கேமராவின் முன் அழுத்துங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் ரிமோட்டின் முனையில் ஒளி மின்னக் காணலாம். இவ்வகைக் கண்ணாடியின் இயல்பு முழுவதும் அதில் அடங்கியுள்ளது. சுருங்கச் சொன்னால் இது, கண்ணுக்குத் தெரியாத டார்ச் விளக்கு ஒன்றைக் கையில் பிடித்திருப்பதற்கு ஒப்பாகும்.

டார்ச்சுக்கு உள்ள குறை இதற்கும் உண்டு. தொலைவு இருமடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகக் குறைகிறது. பொருளின் மேல் பட்டு நம்மிடம் திரும்பும்போது மீண்டும் குறைகிறது. ஆகவே அட்டைப்பெட்டியில் முந்நூறு மீட்டர் என்று அச்சிட்டிருப்பினும், சிறிய பறவையை அத்தொலைவில் இனங்காண முடியும் என்று பொருள் இல்லை. ஏரிக்கரையில் நாங்கள் கண்டதும் அதுவே. கரையோரத்து மரங்கள் பனி பூத்தவைபோல் வெண்மையாகத் தோன்றின. பச்சை இலைகள் அகச்சிவப்புக் கதிரை நன்கு திருப்பி அனுப்பும் ஆதலால் இவ்வாறு தோன்றும். நீர்ப்பரப்போ கருமையாகக் கிடந்தது. வேலிக்கு அப்பால் படுத்திருந்த பூனையின் கண்கள் இரு மணிகளாக ஒளிர்ந்தன. ஆனால் தீவு வரை அவ்வொளி எட்டவில்லை. மகன் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தான். "அப்பா, தீவு இருந்த இடமே தெரியவில்லை" என்று சொல்லிக் கருவியை என் கையில் தந்துவிட்டான். அவன் குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

ஆயினும் இவ்வகையை முற்றும் தள்ளிவிடலாகாது. தோட்டத்துக்கு வரும் பன்றியையோ, கொட்டகையில் கட்டிய ஆட்டையோ அருகிலிருந்து காண இது உதவும். வாங்குவோர் விளக்கின் அலைநீளத்தைக் கேட்டறிதல் நலம். 850 நானோமீட்டர் ஆயின் விளக்கின் முனை சிறிது சிவந்து தெரியும். ஒளி தொலைவு செல்லும். 940 ஆயின் சிவப்பும் தெரியாது; ஆனால் செல்லும் தொலைவு குறையும். மூடிய சன்னலின் பின்னிருந்து பார்த்தால் தன் விளக்கின் ஒளியே திரும்பிவந்து கண்ணைக் கூசச்செய்யும். அவ்விளக்கைக் குழந்தைகள் கண்ணருகே வைத்துப் பார்க்க விடலாகாது. புலப்படாத ஒளி ஆதலால் கண்மணி தானாகச் சுருங்கித் தன்னைக் காத்துக்கொள்ளாது.

நான்காவது வகைக்கு மின்கலமே வேண்டா. அதுதான் பைனாகுலர். இதனை இரவுக்குரிய கருவியாகப் பலர் எண்ணுவதில்லை. உண்மையில், சிறிது ஒளி உள்ள இடத்தில் நம்போன்றோர்க்கு ஏற்றது இதுவே. பைனாகுலரின் மேல் 7×50, 8×42, 10×25 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைச் சொல்லும். இரண்டாம் எண் முன்வில்லையின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்லும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 7×50 இல் அது ஏழு மில்லிமீட்டர். 8×42 இல் ஐந்தேகால். 10×25 இல் இரண்டரை மட்டுமே. மூன்றாவது பகலில் நன்கு காட்டும். அந்தி சாய்ந்ததும் மங்கிவிடும்.

இங்கு நம் கண்ணின் அளவும் சேர்கிறது. இளம் வயதினரின் கண்மணி நல்ல இருளில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது குறையும். முதியோர்க்கு ஐந்துக்கும் கீழே நின்றுவிடுவது உண்டு. அல்சூர் போன்று விளக்கு மிகுந்த இடத்தில் இளைஞர் கண்ணும் முழுதும் விரியாது. ஆகவே இங்கு 7×50 தரும் ஒளியில் ஒரு பகுதி கண்ணுக்குள் புகாமலே வீணாகும். 8×42 எடை குறைந்தது. சிறுவன் கையில் நடுங்காமல் நிற்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். 8×42 இல் தீவின் மரக்கிளைகள் விளக்கொளி படர்ந்த வானத்தின் முன் கோட்டோவியம்போல் தெளிந்தன. சற்றுநேரத்தில் கூன்விழுந்த உருவம் ஒன்று கிளையைவிட்டு எழுந்து நீரோரம் தாழ்ந்து பறந்தது. "வக்கா! வக்கா!" என்று மகன் கூவினான்.

நிற்க. அன்று நிகழ்ந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். படைவீரர் பைனாகுலரை நெடுநேரம் சரிசெய்துகொண்டே இருந்தார். "தம்பி, இதில் விளக்கைச் சுற்றி வட்டவட்டமாகத் தெரிகிறதே, கண்ணாடி பழுதா?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன், எனக்கு வட்டம் ஏதும் தெரியவில்லை. கருவியின்றிச் சாலை விளக்கைப் பார்க்குமாறு சொன்னேன். அப்பொழுதும் வட்டம் தெரிவதாகச் சொன்னார். பின்னர் மெல்ல, மாலையில் படியிறங்க அஞ்சுவதையும், எதிரே வண்டி வந்தால் ஒன்றும் புலப்படாமையையும் எடுத்துரைத்தார். வெளிநாட்டில் உள்ள மகனிடம் சொல்லி இரவுக்கண்ணாடி ஒன்று வரவழைக்க எண்ணியிருந்தாராம். எங்களோடு அவர் வந்ததன் உட்கருத்து அதுவே.

அடுத்த வாரம் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச்சென்றேன். இரு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. வலக்கண்ணுக்கு அறுவை முடிந்துவிட்டது. இடக்கண்ணுக்கு நாள் குறித்துள்ளனர். இப்பொழுது ஏரியைச் சுற்றி மாலையில் தனியே நடந்துவருகிறார். எந்த விலைமிக்க இரவுக்கண்ணாடியும் அவருக்கு இதனைத் தந்திராது. கலங்கிய வில்லையின் முன் எதை வைத்தாலும் காட்சி கலங்கியே வரும்.

ஆகவே இரவில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி எவரேனும் கருவி கேட்டால், முதலில் கண்ணைச் சோதித்தல் வேண்டும். முதியோர்க்குப் புரை இருக்கலாம். சிறுகுழந்தை மாலையானதும் தடுமாறினால், வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணாக இருக்கலாம். அக்குறையைத் தடுக்க, ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை அரசு நலவாழ்வு நிலையங்களில் அம்மருந்து கொடுக்கப்படுகிறது. முருங்கைக்கீரை, பப்பாளி, காரட் முதலியனவும் துணைசெய்யும். பரம்பரையாக வரும் விழித்திரை நோயும் உண்டு. நெருங்கிய உறவில் மணம்புரிந்த குடும்பங்களில் இதன் வாய்ப்பு மிகுதி. இரயில் ஓட்டும் பணிக்கு வருவோரை இரவுப்பார்வைச் சோதனைக்கும் உட்படுத்துகின்றனர். அத்தகைய கவனம் நம் வீட்டாரிடமும் வேண்டும். இரவில் வண்டி ஓட்ட என விற்கப்படும் மஞ்சள் கண்ணாடிகளை நம்பவேண்டா. அவை வரும் ஒளியையும் குறைக்கின்றன. புதியதாக ஒன்றும் காட்டுவதில்லை.

நலமுள்ள கண்ணுக்கும் சிறிது பயிற்சி தேவை. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்தால் கண் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். அதற்கிடையே கைப்பேசியை ஒருமுறை பார்த்தால், பழகிய கண் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். குறிப்பு எழுத விளக்கு வேண்டுமாயின் மங்கிய சிவப்பு விளக்கு ஏற்றது. மிக மங்கிய பொருளை நேரே நோக்காமல் சற்றுப் பக்கத்தே நோக்கினால் அது தெளியும். இருளில் காணும் நரம்பணுக்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் அதைச் சூழவே உள்ளன. இவை யாவும் செலவில்லாதவை.

கடையில் வாங்கும்பொழுது நண்பகலில் செல்லாமல் விளக்கு வைக்கும் நேரத்தில் செல்க. தொலைவில் உள்ள ஒரு விளக்கை நோக்குக. அது இரண்டாகத் தெரிந்தால் அக்கருவியைத் தொடவேண்டா. முன்வில்லை செம்மணிபோல் சிவந்து ஒளிருமாயின் அதுவும் வேண்டா. பச்சையும் ஊதாவும் மெல்லத் தோன்றும் பூச்சே நல்லது. பத்து முதல் முப்பது மடங்கு வரை கூட்டலாம் என்னும் மலிவுக் கருவிகள் இரவுக்கு ஆகா. மூக்குக்கண்ணாடி அணிவோர் அதனைக் கழற்றாமலே பார்க்க முடிகிறதா என்று சோதிக்கவேண்டும். நாங்கள் வாங்கியது 8×42. தொகைக்குள்ளேயே முடிந்தது, உறையும் கழுத்துப் பட்டையும் உடன் தந்தனர்.

வாங்கியபின் காக்கவேண்டிய நெறியும் ஒன்று உண்டு. ஏரியை ஒட்டிப் படைக்குரிய நிலம் இருக்கிறது. மறுபுறம் வீடுகள் இருக்கின்றன. இவ்விரு பக்கமும் கருவியைத் திருப்பக்கூடாது என்று மகனிடம் முதல்நாளே சொல்லிவிட்டோம். பிறர் சன்னலை நோக்குவது பண்பாகாது; படை நிலத்தை நோக்குவது வீண் தொல்லையைத் தேடித்தரும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் இக்கருவியை மறவாமல் எடுத்துச்செல்க. நம் இரயில் ஜோலார்பேட்டையையும் வாணியம்பாடியையும் கடக்கும்போது தெற்கே தெரியும் சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உள்ளது. இருள் மிக்க வானத்தை நாடியே அவ்விடத்தைத் தேர்ந்தனர். 1986 இல் அங்குத் தொடங்கப்பெற்ற வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலமுடையது. அகன்ற ஆடியால் சிற்றொளியைத் திரட்டுவதே அதன் வேலையும். அதன் கொள்கைக்கும் நம் கைக்கருவியின் கொள்கைக்கும் வேறுபாடு இல்லை. அந்த மலையடிவாரத்துச் சிற்றூர்களில், கார்த்திகை மீன்கூட்டத்தை வெறுங்கண்ணால் ஆறாக எண்ணியவர், இதன் வழியே பல பத்தாக எண்ணுவர்.

சங்கத்து அன்பர்கள் வாங்க எண்ணினால், ஒரு மாலை ஏரிக்கரைக்கு வருக. எம் கருவியைக் கொடுத்துப் பார்க்கச் செய்ய மகிழ்ச்சியுடன் காத்திருக்கிறோம். வரும்போது வீட்டுப் பெரியவரையும் உடன் அழைத்து வருக. தெரு விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறதா என்று அவரையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.